பத்தாம் வகுப்பில் விட்டுப்போன பாடங்களைப் பள்ளி எப்படி ஈடுகட்டும்?

அல்சூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள உதவிபெறும் பள்ளி ஒன்றில், கர்நாடக மாநிலப் பாடத்திட்டத்தில், ஆங்கில வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஜூன் தொடக்கத்தில் காலில் எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் நடுவில்தான் பள்ளிக்குத் திரும்பினான். ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பாடத்திலும் எழுபதுக்குக் குறையாமல் வாங்கியவன், இப்போது கணக்கு, அறிவியல் வகுப்புகளில் வாயே திறப்பதில்லை என்று வகுப்பாசிரியை சொல்கிறார்.

பள்ளியில் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். மாலை நான்கு மணிக்கு மேல் நடக்கும் ஸ்பெஷல் கிளாஸில் அவனையும் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அங்கே நடப்பது வேறு: அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள், வரைபடங்கள், ஒரு மதிப்பெண் விடைகள் ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப எழுத வைக்கிறார்கள். அவனும் எழுதிக்கொண்டு வருகிறான். சென்ற வாரம் அவனுடைய நோட்டில் சைன், காஸ் அட்டவணை அழகாக எழுதியிருந்ததைப் பார்த்து நன்றாயிருக்கிறதே என்றேன். அவன், "கர்ணம் பத்து சென்டிமீட்டராக இருந்தாலும் நூறு மீட்டராக இருந்தாலும் சைன் முப்பது அதே அரைதானா? அது எப்படி?" என்று என்னைக் கேட்டான். நான் வணிகவியல் படித்தவன். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆசிரியர்களுக்குத் தொந்தரவு தராமல், பள்ளியிடம் குறிப்பாக என்ன கேட்கலாம்? டியூஷன் சேர்ப்பது சரியா? இன்னொன்று, எங்கள் உறவினர்கள் "இப்போதுதான் அதே ஆண்டில் திரும்பத் தேர்வு எழுதலாமே, மார்ச்சில் போனால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அப்படி இருந்துவிடலாமா?

---

ஸ்ரீராமபுரம் கணக்கு வாத்தியார்:

ஐயா, உங்கள் மகன் கேட்ட கேள்வியே உங்களுக்குப் பாதி விடை. முக்கோணம் சிறிதானாலும் பெரிதானாலும் கோணங்கள் ஒன்றாக இருந்தால் பக்கங்களின் விகிதம் மாறாது என்பது வடிவொத்த முக்கோணங்கள் பாடத்தில் வருகிறது. பெரும்பாலும் அவன் படுத்திருந்த நாட்களில்தான் அந்தப் பாடம் நடந்திருக்கும். அது தெரியாமல் முக்கோணவியலுக்கு வந்தால் சைன், காஸ் எல்லாம் வெறும் மனப்பாட அட்டவணையாகத்தான் தெரியும். அவன் மனப்பாடம் செய்வதோடு நிற்காமல் ஏன் என்று கேட்டிருக்கிறான். அப்படிப்பட்ட பையனைக் கரையேற்றுவது எளிது.

மாலை வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் விவரிப்பதைக் கர்நாடகப் பள்ளிகளில் 'பாஸிங் பேக்கேஜ்' என்போம். தேர்ச்சி மதிப்பெண்ணைத் தொடுவதே சந்தேகம் என்ற நிலையில் உள்ள பிள்ளைக்கு, வினாத்தாளின் ப்ளூ பிரிண்டை, அதாவது எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற பங்கீட்டைப் பார்த்து, எந்தப் பகுதியை உறுதியாக எழுதினால் கரை சேரலாம் என்று பொறுக்கித் தருவது அது. அந்தப் பிள்ளைகளுக்கு அது உண்மையாகவே உதவுகிறது. அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எழுபது வாங்கிக்கொண்டிருந்த, நடுவில் சில பாடங்களை மட்டும் தவறவிட்ட பையனுக்கு அது பொருந்தாது. அவனுக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதவைக்கும். தெரியாததைத் தொடவே தொடாது.

பள்ளிகள் ஏன் எல்லோரையும் அதே வகுப்பில் உட்கார வைக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. 2024-இல் தேர்வறைகளை வெப்காஸ்டிங் மூலம், அதாவது கேமராவின் நேரடி ஒளிபரப்பில் கண்காணிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு கருணை மதிப்பெண்ணை உயர்த்திக் கொடுத்த பிறகே எஸ்.எஸ்.எல்.சி. முதல் தேர்வின் தேர்ச்சி 73.40 விழுக்காட்டுக்கு வந்தது; அந்தச் சலுகை இல்லாத 2025-இல் அது 66.14 விழுக்காடாக இறங்கியது. முடிவு வந்ததும் தலைமையாசிரியரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி எத்தனை பேர் தவறினார்கள் என்பதுதான். எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியவன் எந்தக் கணக்கிலும் வர மாட்டான். ஆகையால் பள்ளியின் கூடுதல் நேரம் முழுவதும் விளிம்பில் நிற்பவர்களுக்குப் போகிறது. நடுவில் நிற்பவனைப் பற்றிப் பெற்றோர் கேட்டால்தான் உண்டு.

என்ன கேட்பது என்றீர்கள். "விட்டுப்போன எல்லாவற்றையும் திரும்ப நடத்துங்கள்" என்று கேட்காதீர்கள். யாராலும் முடியாது, தேவையும் இல்லை. விட்டுப்போன பாடங்களில் எவை தெரியாவிட்டால் இனி நடக்கப்போகும் பாடம் புரியாது என்று ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் கேளுங்கள். கணக்கில் நான் வடிவொத்த முக்கோணங்களை முதலில் வைப்பேன். அடுத்து இரு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாடுகள். இருபடிச் சமன்பாட்டில் தடுமாறினால், ஒன்பதாம் வகுப்பின் காரணிப்படுத்துதல் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டுத் தொடர் வரிசை அவசியமான பாடமே என்றாலும் தனியே நிற்பது. அதைத் தசரா விடுமுறையில் அவனாகவே போட்டுவிடலாம். அறிவியலில் வேதிச் சமன்பாடுகள் தெரியாமல் அமிலம், உலோகம், கார்பன் சேர்மங்கள் என்று எதிலும் கால் வைக்க முடியாது. மின்னியல் இல்லாமல் மின்னோட்டத்தின் காந்த விளைவு புரியாது. உயிரியல் பாடங்களில் இவ்வளவு பின்னல் கிடையாது. சமூக அறிவியலில் அநேகமாக இல்லவே இல்லை. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பெரிய தேர்வு வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நான் செய்வது இவ்வளவுதான்: ஏபிசி என்று ஒரு முக்கோணம், அதைவிடச் சிறியதாகச் சாய்த்து வைத்து பிகியூஆர் என்று இன்னொன்று வரைவேன். ஏ கோணம் கியூ கோணத்துக்குச் சமம், பி கோணம் ஆர் கோணத்துக்குச் சமம் என்று குறித்துவிட்டு, பக்கங்களின் விகிதத்தை எழுது என்பேன். எழுத்து வரிசையைப் பார்த்து ஏபி, பிகியூ என்று எழுதுகிறவனுக்குப் பாடம் முதலிலிருந்து வேண்டும். கோணங்களைப் பொருத்திப் பார்த்து ஏபிக்குக் கியூஆர் என்று எழுதுகிறவனுக்கு நாலு கணக்குப் போட்டுக் காட்டினால் போதும். பத்து நிமிட வேலை. அதை வைத்து எத்தனை வகுப்பு வேண்டும் என்று ஆசிரியரே சொல்லிவிடுவார்.

கடைசியாக, நேரம். நாள் முழுதும் உட்கார்ந்து களைத்த பையனை மாலையில் மேலும் ஒன்றரை மணி நேரம் பிடித்து வைப்பதைவிட, பள்ளி நேரத்துக்குள்ளேயே வாரம் மூன்று முறை அரை மணி கிடைத்தால் பலன் அதிகம். கால் சரியாகும்வரை அவன் விளையாட்டுப் பீரியடில் சும்மாதானே உட்கார்ந்திருப்பான்? அந்த நேரத்தைக் கேளுங்கள்.

---

விவேக்நகர் அம்மா:

டியூஷன் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என் பெண்ணுக்குச் சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை வந்து இதே நிலைதான். எங்கள் பகுதி டியூஷன் சென்டர்களில் பெரும்பாலானவை கோடை விடுமுறையிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகின்றன. செப்டம்பரில் போய்ச் சேரும் பிள்ளை அங்கே இன்னும் பின்தங்கித்தான் நிற்கும். பள்ளியில் ஒரு பாடம், டியூஷனில் வேறு பாடம் என்று இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். சேர்ப்பதாயிருந்தால், வகுப்பாசிரியர் சொல்லும் பாடங்களை மட்டும் நடத்த ஒப்புக்கொள்ளும் ஒருவரிடம், இரண்டு மாதத்துக்கு என்று பேசிச் சேர்த்துவிடுங்கள். எங்கள் தெருவில் பி.எஸ்சி. கணிதம் படித்த ஒரு பெண் அப்படி ஒப்புக்கொண்டாள். பெரிய சென்டர்களில் கேட்டால் முழு ஆண்டுக் கட்டணத்தைத்தான் சொல்வார்கள்.

திரும்பத் தேர்வு எழுதும் விஷயத்தில் உங்கள் உறவினர்கள் சொல்வதை ஏற்காதீர்கள். 2024-இல் ஆண்டுக்கு மூன்று தேர்வு என்று இந்த முறை வந்தது. எழுதிய தேர்வுகளில் எதில் அதிக மதிப்பெண்ணோ அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை, நல்லதும்கூட. ஆனால் 2025-இல் முதல் தேர்வின் முடிவு மே 2-ஆம் தேதி வந்தது, மறுநாளிலிருந்தே பி.யூ. (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) கல்லூரிகளில் விண்ணப்பம் வாங்கக் கூட்டம் நின்றது. இரண்டாம் தேர்வு மே கடைசியில்தான் தொடங்கியது. அதன் முடிவு வருவதற்குள் கேட்ட கல்லூரியில் கேட்ட பிரிவு நிரம்பிவிடும். என் பெண் அறிவியலில் மதிப்பெண் கூட்டுவதற்காக இரண்டாம் தேர்வு எழுதினாள், கூடவும் கூடியது. ஆனால் சீட் கிடைத்தது முதல் தேர்வின் மதிப்பெண்ணுக்குத்தான்.

---

ஒரு தலைமையாசிரியை:

மேலே ஸ்ரீராமபுரம் சார் எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். விளையாட்டுப் பீரியட் என்றால் சரி. ஆனால் பெற்றோர் சிலர், மற்ற பாட வகுப்புகளிலிருந்தும் பிள்ளையை எடுத்துத் தனியாகக் கணக்கு நடத்தச் சொல்கிறார்கள். நான் அதற்கு ஒப்புவதில்லை. கணக்கில் ஓர் ஓட்டையை அடைக்கப் போய்ச் சமூக அறிவியலில் புதிய ஓட்டையைப் போட்டதாகிவிடும்.

பள்ளியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியருக்கு வாரத்தில் எஞ்சுவது சில பீரியட்கள்தான். அதிலும் வராத ஆசிரியரின் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் ஒரு மகனுக்காக மட்டும் அதைக் கேட்டால் கிடைப்பது கடினம். அதே பாடங்களை விட்டவர்கள் வகுப்பில் இன்னும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்: ஊர்த் திருவிழாவுக்குப் போய்த் திரும்பாமல் இருந்தவர்கள், டெங்கு வந்தவர்கள், ஆண்டின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்தவர்கள். நாலு பேராகச் சேர்த்து ஒரு குழுவாகக் கேளுங்கள். தலைமையாசிரியர் மறுக்க மாட்டார். ஒருவருக்கு ஒருவர் என்றால்தான் பலன் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற கல்வி ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்து இட்ட மதிப்பீட்டில், தனியாகக் கற்பிப்பதால் சராசரியாக ஐந்து மாதப் படிப்புக்கு ஈடான கூடுதல் முன்னேற்றமும், சிறு குழுவாகக் கற்பிப்பதால் நான்கு மாத முன்னேற்றமும் கிடைக்கின்றன. செலவையும் ஆசிரியர் நேரத்தையும் பார்த்தால் இந்த ஒரு மாத வித்தியாசம் பெரிதல்ல. அந்த நாட்டில் கொரோனாவுக்குப் பிறகு, 2020 நவம்பரில், அரசே பணம் கொடுத்துப் பள்ளிகளில் இத்தகைய டியூட்டரிங்கைத் தொடங்கியது. 2024-இல் அந்தப் பணத்தை நிறுத்திவிட்டது. பணம் நின்ற பிறகு பள்ளிகள் தங்கள் சொந்தச் செலவில் எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்பது அங்கேயும் இங்கேயும் ஒரே கேள்விதான்.

தசரா விடுமுறையை நம்பலாம், ஆனால் முழுதாக நம்ப வேண்டாம். 2025 அக்டோபரில் சமூக, கல்விக் கணக்கெடுப்புக்காக ஆசிரியர்களை அனுப்ப வேண்டியிருந்ததால் அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு விடுமுறை 18-ஆம் தேதிவரை நீண்டது. விடுமுறையில் பிள்ளைகளை வரவழைத்து நடத்தலாம் என்று நாங்கள் போட்ட திட்டமெல்லாம் கலைந்து, பிறகு எல்லோருக்குமே கூடுதல் வகுப்பு வைக்க வேண்டியதாயிற்று. ஆகவே கடினமான பாடங்களை விடுமுறைக்கு முன்பே ஆசிரியரோடு முடித்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் பயிற்சிக் கணக்குகளை மட்டும் வையுங்கள்.

இனிச் சொல்லப்போவதை யாரும் எழுதவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடுவரை வரவில்லை என்றால், இனி ஒரு நாளும் விடாமல் வந்தாலும் கணக்கு எல்லைக் கோட்டை உரசிக்கொண்டுதான் நிற்கும். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவரின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களோடு தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். பிப்ரவரியில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதேபோல் ஒவ்வொரு பாடத்திலும் உள்மதிப்பீட்டின் 20 மதிப்பெண் (முதல் மொழியில் 25) எஃப்.ஏ. எனப்படும் சிறு தேர்வுகள், செயல்பாடுகளிலிருந்து வருகிறது. அவன் இல்லாதபோது நடந்த எஃப்.ஏ. காலியாக இருக்கும். தேர்வையும் செயல்பாட்டையும் இப்போது தனியாக நடத்தித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் செய்து தருவார்கள்.

திரும்பத் தேர்வு எழுதலாமே என்ற பேச்சுக்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். 2021-இல் கொரோனா காரணமாக எஸ்.எஸ்.எல்.சி.யை ஜூலை 19, 22 ஆகிய இரண்டே நாட்களில், கொள்குறி வினாக்களாக நடத்தினார்கள். அன்றைய நிலையில் அதைவிட நல்ல வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பி.யூ. அறிவியலுக்குப் போனவர்கள் படிப்படியாக எழுதிக் கணக்குப் போடவே திணறினார்கள் என்று எனக்குத் தெரிந்த விரிவுரையாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். தேர்வை எளிதாக்கலாம், தள்ளி வைக்கலாம், திரும்ப நடத்தலாம். விட்டுப்போன பாடம் விட்ட இடத்திலேயே காத்துக்கொண்டிருக்கும்.

---

ஜீவன்பீமாநகர் வாசகர்:

ஒரு சிறு குறிப்பு. எல்லோரும் கணக்கையும் அறிவியலையும் பற்றியே பேசுகிறோம். மொத்தம் 625 மதிப்பெண்ணில் முதல் மொழிக்கு மட்டும் 125. உங்கள் மகன் தமிழை முதல் மொழியாக எடுத்திருந்தாலும் சரி, கன்னடத்தை எடுத்திருந்தாலும் சரி, செய்யுளும் உரைநடையும் ஒன்றை ஒன்று சார்ந்தவை அல்ல. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். வீட்டில் நீங்களே துணை நிற்கக்கூடிய பாடமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் போதும்.

---

அல்சூர்வாசி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வருகைப் பதிவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை; தலைமையாசிரியை மேடம் எழுதியதைப் படித்த மறுநாளே விண்ணப்பம் கொடுத்து, அலுவலகத்தில் முத்திரையும் வாங்கிவிட்டேன். கணக்கு ஆசிரியரைச் சந்தித்து, எந்தப் பாடம் தெரியாவிட்டால் அடுத்தது புரியாது என்று கேட்டேன். "இப்படிக் கேட்டால் எனக்கும் சுலபம்" என்று சொல்லி, ஒரு தாளில் மூன்று பாடங்களை வரிசையாக எழுதித் தந்தார். வடிவொத்த முக்கோணம்தான் முதலில். வகுப்பில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களாம். நால்வரையும் சேர்த்து விளையாட்டுப் பீரியடிலும், சனிக்கிழமை பள்ளி விட்டபின் சிறிது நேரமும் உட்கார வைக்கிறேன் என்றார். மாலை வகுப்புக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்றும் ஒப்புக்கொண்டார்.

வேதியியலில்தான் இன்னும் தெளிவில்லை. அறிவியல் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். தற்காலிகமாக வந்திருப்பவர் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இருக்கிறார். விவேக்நகர் மேடம் சொன்னதுபோல ஒருவரை ஏற்பாடு செய்யலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன், வேதிச் சமன்பாடு அவனுக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்று வீட்டிலேயே சோதிக்க, முக்கோணத்துக்குச் சொன்னதுபோல எளிய வழி ஏதும் உண்டா?

---

ஸ்ரீராமபுரம் கணக்கு வாத்தியார்:

நான் வேதியியல் ஆசிரியன் இல்லை. ஆனாலும் உதவிபெறும் பள்ளியில் ஆள் இல்லாத ஆண்டுகளில் எல்லாப் பாடமும் எடுத்திருக்கிறேன். பாடநூலிலேயே இரும்பும் நீராவியும் வினைபுரியும் சமன்பாடு இருக்கிறது. அதைச் சமன் செய்யாத நிலையில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, புத்தகத்தை மூடிவிட்டுச் சமன் செய்யச் சொல்லுங்கள். இரும்புக்கு மூன்று, நீருக்கு நான்கு, இரும்பு ஆக்சைடுக்கு ஒன்று, ஹைட்ரஜனுக்கு நான்கு என்று வர வேண்டும்.

விடையைவிட அவன் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். ஆக்சிஜனின் எண்ணிக்கை ஒத்து வரவில்லை என்றதும், நீரின் வாய்பாட்டுக்கு முன்னால் நான்கு போடுகிறானா, இல்லை வாய்பாட்டுக்குள்ளேயே ஆக்சிஜனுக்குக் கீழே சிறிய நான்கைச் சேர்க்கிறானா? கீழே சேர்த்தால் அது நீராகவே இருக்காது; அப்படிச் செய்கிறவனுக்கு வாய்பாடு என்றால் என்ன என்பதிலிருந்து, அதாவது ஒன்பதாம் வகுப்பின் அணுக்களும் மூலக்கூறுகளும் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். முன்னால் போட்டுவிட்டு எண்ணிக்கையில் மட்டும் தவறினால் கவலையே வேண்டாம், பயிற்சி கொடுத்தால் வந்துவிடும். இவற்றில் எது என்பதை நீங்கள் ஏற்பாடு செய்யப்போகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.